ஆலைச் சுவர் நிற்கிறது; ஆலைத் தொழிலாளி எங்கே?

டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு மேரி பிஸ்கோத்தை டீயில் நனைத்துச் சாப்பிடாத உழைப்பாளி தமிழ்நாட்டில் இருக்க முடியாது. இரவு ஷிப்டு முடிந்து திரும்பும் மில் தொழிலாளிக்கும், நடவுக்கு இறங்குமுன் சாலையோரக் கடையில் நிற்கும் விவசாயத் தொழிலாளிக்கும் பல நாட்களில் காலை ஆகாரமே அதுதான்.

அந்த மேரி பிஸ்கோத்து எங்கே பிறந்தது? லண்டன் மாநகரில், தேம்ஸ் நதியின் தென்கரையில், பெர்மாண்ட்சி என்ற தொழிலாளர் வட்டாரத்தில் பிறந்தது. ருஷ்யச் சக்கரவர்த்தி ஜாரின் மகள் மரியாவுக்கும் விக்டோரியா ராணியின் மகனுக்கும் 1874-ல் கல்யாணம் நடந்தது. அதையொட்டி பீக் பிரீன் என்ற கம்பெனி அந்த இளவரசியின் பெயரைப் பொறித்து ஒரு பிஸ்கோத்தை விற்பனைக்கு விட்டது. ராஜ வீட்டுப் பெண்ணின் பெயர் 150 ஆண்டுகளாக பிஸ்கோத்தின் மேல் இருக்கிறது. அதைச் சுட்ட பெண்களின் பெயர் எதன் மேலும் இல்லை.

அந்த ஆலை 1989-ல் மூடப்பட்டது. இப்போது அந்த இடம் குடியிருப்பாக மாறி வருகிறது. பழைய ஆலையின் முக்கியக் கட்டடத்தை இடிக்காமல் வீடுகளாக மாற்றுவது, அதைச் சுற்றிப் புதிய அடுக்குமாடிகளை எழுப்புவது என்பது திட்டம். பழைய கட்டடத்தைக் காப்பாற்றுகிறோம் என்று பெருமையோடு சொல்கிறார்கள். நல்லதுதான். கட்டடம் இடிக்கப்படவில்லை என்பதில் நமக்கும் சந்தோஷமே. ஆனால் நாம் கேட்பது வேறு. அந்தச் சுவர்களுக்குள் இனி யார் குடியிருக்கப் போகிறார்கள்?

சீமையிலுள்ள ஆலைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் எண்ண வேண்டாம். சம்பந்தம் இருக்கிறது. முதலில் அந்த ஆலையின் கதையைப் பார்ப்போம்.

மாவும் வியர்வையும்

தேயிலை வியாபாரத்தில் பணம் குவித்த ஜேம்ஸ் பீக் என்பவரும், அவருடைய உறவினரும் மாவு அரவையும் கப்பல் பிஸ்கோத்துத் தொழிலும் அறிந்தவருமான ஜார்ஜ் பிரீன் என்பவரும் கூட்டாகச் சேர்ந்து 1857-ல் இக்கம்பெனியை ஆரம்பித்தார்கள். அந்தக் காலத்தில் பிஸ்கோத்து என்றால் மாலுமிகள் கடலில் மாதக்கணக்கில் வைத்துத் தின்னும் கல் போன்ற பண்டம். அதை வீட்டுப் பலகாரமாக, டீயோடு தின்னும் இனிப்பாக மாற்றிய கம்பெனிகளில் இதுவும் ஒன்று.

இடம் போதாமல் போகவே, 1866-ல் டிரம்மண்ட் சாலையில், காய்கறித் தோட்டங்களாகக் கிடந்த சுமார் 10 ஏக்கர் நிலத்தில் பெரிய ஆலை எழுந்தது. பக்கத்திலேயே ரயில் பாதை. சற்றுத் தூரத்தில் கப்பல் துறை. கோதுமையும் சர்க்கரையும் உலகின் மூலைமுடுக்குகளிலிருந்து வந்து இறங்கின. தகரப் பெட்டிகளில் அடைத்த பிஸ்கோத்து உலகின் மூலைமுடுக்குகளுக்குப் போயிற்று. வட்டாரம் முழுவதும் பிஸ்கோத்து மணம் வீசியதால் "பிஸ்கோத்து டவுன்" என்றே மக்கள் பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்த ஆலைக்குள் நடந்த வேலையை 1906-ல் சினிமாப் படமாகவே எடுத்தார்கள். தொழிற்சாலை வேலையைக் காட்டும் உலகின் ஆரம்ப காலப் படங்களில் அது ஒன்று, இன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. மாவு பிசைவது முதல் பெட்டியில் அடைத்து வண்டியில் ஏற்றுவது வரை அதில் காணலாம். இயந்திரம் ஓடுகிறது, அதன் வேகத்துக்கு ஈடுகொடுத்து மனிதக் கைகளும் ஓடுகின்றன. முதலாளி தன் சரக்கை விளம்பரம் செய்ய எடுத்த படம், தொழிலாளியின் உழைப்புக்குச் சாட்சியாக நிலைத்துவிட்டது!

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அக்காலத்து மற்ற முதலாளிகளோடு ஒப்பிட்டால் இக்கம்பெனி தன் தொழிலாளருக்குச் சில வசதிகளைச் செய்து கொடுத்தது. ஆலைக்குள்ளேயே வைத்தியர், பல் வைத்தியர் வைத்திருந்தது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் வசதி செய்து கொடுப்பது வேறு, உரிமை வேறு. கொடுத்த கையே ஒரு நாள் கதவையும் சாத்தும் என்பதை இந்த ஆலையின் கதை பிற்பாடு காட்டியது.

1911 ஆகஸ்டு

பெர்மாண்ட்சியை "லண்டனின் உக்கிராணம்" என்பார்கள். ஜாம், பிஸ்கோத்து, ஊறுகாய், தேயிலை என்று லண்டன் நகரம் தின்பதும் குடிப்பதும் அங்கேதான் தயாராயின. ஆனால் அந்த உக்கிராணத்தில் வேலை செய்த பெண்களின் வீட்டு அடுப்பு பல நாள் எரியவில்லை.

1911 ஆகஸ்டு மாதம். கொடிய கோடை. துறைமுகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கொண்டிருந்த நேரம். பெர்மாண்ட்சியின் ஜாம், பிஸ்கோத்து ஆலைகளிலும் பிற ஆலைகளிலும் வேலை செய்த பெண்கள் திடீரென்று வெளியே வந்துவிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குச் சங்கம் கிடையாது. முன் அனுபவமும் கிடையாது. ஒரு ஆலையிலிருந்து கிளம்பி அடுத்த ஆலை வாசலில் நின்று கூப்பிட்டார்கள். அங்குள்ளவர்களும் வெளியே வந்தார்கள். இப்படி இருபதுக்கு மேற்பட்ட ஆலைகளிலிருந்து சுமார் 15,000 பெண்கள் தெருவில் இறங்கினார்கள். பெட்டியில் வைத்திருந்த தங்கள் நல்ல உடையை எடுத்து உடுத்திக் கொண்டு, திருவிழாவுக்குப் போகிறவர்களைப் போல் அவர்கள் ஊர்வலம் வந்தார்கள்!

பெண் தொழிலாளர் சம்மேளனத்தை 1906-ல் அமைத்த மேரி மெக்கார்தர் அம்மையார் ஓடி வந்து அவர்களைச் சங்கமாகத் திரட்டினார். சதர்க் பூங்காவில் மாபெரும் கூட்டம் நடந்தது. துறைமுகத் தொழிலாளர் தலைவர் பென் டில்லட்டும் பேசினார். பசித்த குடும்பங்களுக்கு ரொட்டி திரட்டிக் கொடுத்தார்கள். பலன் என்ன? 21 ஆலைகளில் 18 ஆலைகள் பணிந்து கூலியை உயர்த்தின. ஒரு ஜாம் ஆலையில் வாரம் 9 ஷில்லிங்காக இருந்த கூலி 11 ஷில்லிங் ஆயிற்று.

வாரத்துக்கு 2 ஷில்லிங் என்பது முதலாளிக்குச் சில்லறைக் காசு. வேலையை விட்டு வெளியே வந்து "முடியாது" என்று சொன்ன பெண்ணுக்கோ அது பிள்ளைகளின் பால், அடுப்புக்கு நிலக்கரி, வீட்டு வாடகை. இந்த "முடியாது" என்ற சொல்லை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக் கொள்ள வேண்டும். நூறு ஆண்டுகள் கழித்து அதே வட்டாரத்தில் அது மறுபடியும் ஒலித்தது.

உழைப்பாளியின் வீடு

கூலி மட்டும் உயர்ந்தால் போதுமா? குடியிருக்க இடம் வேண்டாமா? காற்றும் வெளிச்சமும் நுழையாத சேரிகளில் பெர்மாண்ட்சித் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். குழந்தைகளைத் தொற்றுநோய் வாரிக் கொண்டு போயிற்று.

ஆல்பிரட் சால்டர் என்ற டாக்டரும், அவருடைய மனைவி ஏடா சால்டரும் வசதியான வாழ்க்கையை விட்டு இந்த மக்கள் மத்தியிலேயே குடியிருந்தார்கள். அவர்களுடைய ஒரே மகள் 8 வயதில், 1910-ல், விஷக் காய்ச்சலுக்குப் பலியானாள். அதற்குப் பிறகும் அவர்கள் அந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை. 1911 வேலைநிறுத்தத்தில் பெண்களுக்கு உணவு கொடுக்கும் பணியில் ஏடா நின்றார். பெர்மாண்ட்சி நகரசபையைத் தொழிற்கட்சி கைப்பற்றியபோது, 1922-ல், அவரே மேயரானார். லண்டனின் முதல் பெண் மேயர் அவர்தான்.

அந்த நகரசபை என்ன செய்தது? சேரிகளை இடித்தது. வில்சன் குரோவ் என்ற இடத்தில், முன்னும் பின்னும் தோட்டத்தோடு 54 சிறு வீடுகளைக் கட்டித் தொழிலாளருக்குக் கொடுத்தது. தெருவெல்லாம் மரம் நட்டது. காசநோய்க்குச் சிகிச்சை கொடுத்தது. தொழிலாளிக்குத் தோட்டத்தோடு வீடா என்று அன்று சிரித்தவர்கள் உண்டு. அந்த வீடுகள் இன்றும் நிற்கின்றன. தொழிலாளி குடியிருக்கத் தகுந்த வீட்டை, அவன் கொடுக்கக்கூடிய வாடகைக்கு, பொதுப் பணத்தில் கட்ட முடியும் என்பதற்கு அது அத்தாட்சி.

சங்கு நின்றது

ஆலையின் சொந்தக்காரர்கள் மாறிக்கொண்டே வந்தார்கள். 1921-ல் ஹண்ட்லி பாமர்ஸ் என்ற மற்றொரு பெரிய கம்பெனியோடு பீக் பிரீன் இணைந்தது. 1982-ல் அமெரிக்க நாபிஸ்கோ கம்பெனி எல்லாவற்றையும் விலைக்கு வாங்கியது. 1989 மே மாதத்தில் பெர்மாண்ட்சி ஆலை மூடப்பட்டது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வேலை செய்த இடம். தாயும் மகளும் பேத்தியுமாகத் தலைமுறை தலைமுறையாக உழைத்த இடம். பிஸ்கோத்து மணம் நின்று போயிற்று.

அதற்குள் சுற்றுவட்டாரமே மாறிக் கொண்டிருந்தது. கப்பல் துறைகள் மூடப்பட்டன. நதிக்கரைக் கிடங்குகள் 1980-களில் பணக்காரர் வாழும் மாடிவீடுகளாயின. ஹார்ட்லி ஜாம் ஆலையும் குடியிருப்பாகிவிட்டது. "ஜாம் ஃபாக்டரி" என்ற பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. ஜாமும் இல்லை, ஜாம் கிண்டிய பெண்களும் இல்லை.

பிஸ்கோத்து ஆலைக் கட்டடங்கள் சிறு பட்டறைகளுக்கும், சிறு ஆபீசுகளுக்கும், ஓவியர்களுக்கும் வாடகைக்கு விடப்பட்டன. பழைய தகரப் பெட்டிகளையும் படங்களையும் சேர்த்து ஒரு சின்ன அருங்காட்சியகமும் வைத்தார்கள். இந்த நிலையில் 1999-ல் ஒரு காரியம் நடந்தது. பொதுப் பணத்தில் போடப்பட்ட ஜூபிலி சுரங்க ரயில் பாதை அந்த வழியே வந்தது. ஆலைக்கு மிக அருகில் பெர்மாண்ட்சி ஸ்டேஷன் திறக்கப்பட்டது. லண்டனின் மையத்துக்குச் சில நிமிஷங்களில் போய்விடலாம். நிலத்தின் விலை விண்ணுக்கு ஏறியது.

இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். ஒரு நிலத்துக்கு விலை எங்கிருந்து வருகிறது? காய்கறித் தோட்டமாக இருந்த இடத்தை ஊராக்கியது 123 ஆண்டுகள் அங்கே உழைத்த தொழிலாளர்கள். அதன் மதிப்பைப் பன்மடங்கு ஏற்றியது பொதுமக்கள் பணத்தில் வந்த ரயில். ஆனால் ஏறிய விலை முழுவதும் யார் பெயரில் பத்திரம் இருக்கிறதோ அவருக்கு. இது என்ன கணக்கு?

வீடு யாருக்கு?

குரோவ்னர் என்ற நிலக் கம்பெனி இந்த இடத்தை எடுத்தது. வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் குடும்பத்துக்குச் சொந்தமான கம்பெனி அது. லண்டனின் மிக விலையுயர்ந்த தெருக்களை நூற்றாண்டுக் கணக்கில் வைத்திருக்கும் நிலப்பிரபுக் குடும்பம். 1,300-க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டி, அனைத்தையும் தானே வைத்துக்கொண்டு வாடகைக்கு விடப் போவதாக இக்கம்பெனி 2017-ல் மனுப்போட்டது.

ஏழைகளுக்கு உண்டா? உண்டு என்றார்கள். ஒரு பகுதி வீடுகள் சந்தை வாடகையில் முக்கால் பங்குக்குக் கிடைக்குமாம். லண்டன் சந்தை வாடகையில் முக்கால் பங்கு என்பது பஸ் ஓட்டுகிறவரும் ஆஸ்பத்திரியைப் பெருக்குகிறவரும் எட்டக்கூடிய தொகையா? நகரசபை வீடுகளுக்கு இருப்பது போன்ற குறைந்த சமூக வாடகையில் ஒரு வீடு கூட அந்தத் திட்டத்தில் இல்லை. அதே சமயம், சதர்க் நகரசபையில் வீட்டுக்குப் பதிவு செய்து காத்திருந்த குடும்பங்கள் பத்தாயிரத்துக்கும் மேல்.

2019 பிப்ரவரியில் மனு சதர்க் நகரசபையின் கமிட்டி முன் வந்தது. பெரிய கம்பெனி, பெரிய திட்டம், கோடிக்கணக்கான பணம். இருந்தும் கமிட்டி "முடியாது" என்று சொல்லிவிட்டது. சாதாரண மக்கள் குடியிருக்கக்கூடிய வீடுகள் போதாது என்பதே காரணம்.

பிறகு லண்டன் மேயர் சாதிக் கான் இந்த விஷயத்தைத் தம் கையில் எடுத்துக் கொண்டார். 2020-ல் திருத்திய திட்டத்துக்கு அனுமதி கொடுத்தார். திருத்திய திட்டத்தில் மொத்தம் 1,548 வீடுகள். குறைந்த வாடகை வகையைச் சேர்ந்தது நூற்றுக்கு 35 பங்கு. அவற்றில் 140 வீடுகள் சமூக வாடகை அளவில்.

1,548-ல் 140 என்பது பதினொன்றில் ஒரு பங்கு. இதைப் பெரிய வெற்றி என்று நாம் கொட்டு முழக்கப் போவதில்லை. மற்றப் பத்துப் பங்கு வீடுகளின் வாடகை வேறு கணக்கில்தான் ஓடும். அனுமதி பெற்ற திட்டமும் பிற்பாடு கிரேஸ்டார் என்ற அமெரிக்க வாடகைக் குடியிருப்புக் கம்பெனியின் கைக்கு மாறிவிட்டது. ஆனால் ஒரு உண்மையை யாரும் மறுக்க முடியாது. முதலில் ஒன்றுகூட இல்லை. மறுத்த பிறகு 140 வந்தது. "இவ்வளவுதான் முடியும், இதற்கு மேல் கொடுத்தால் கட்டுப்படியாகாது" என்று கம்பெனிகள் காட்டும் கணக்கு கல்லில் வெட்டியதல்ல. 1911-ல் 9 ஷில்லிங் 11 ஷில்லிங் ஆனது போலவே, கேட்கிறவன் உறுதியாக நின்றால் அந்தக் கணக்கு மாறும்.

கடல் கடந்த அதே கதை

இனி நம் நாட்டுக்கு வருவோம். கல்கத்தாவில் 1892-ல் 295 ரூபாய் முதலோடு ஒரு சிறு வீட்டில் பிஸ்கோத்துத் தொழில் ஆரம்பமாயிற்று. அதுதான் பிரிட்டானியா. 1924-ல் பம்பாயில் புது ஆலை திறந்த காலத்தில், இந்தக் கம்பெனி பெர்மாண்ட்சியின் பீக் பிரீன் பிடிக்குள் வந்தது. நம் டீக்கடைக்கு மேரி பிஸ்கோத்து வந்த வழிகளில் இது ஒன்று.

பிரிட்டானியாவும் பல கைகள் மாறியது. 2009-ல் பிரெஞ்சு டனோன் கம்பெனி தன் பங்கை விற்றுவிட்டு வெளியேறிய பின் அது வாடியா குழுமத்தின் பிடியில் உறுதியாயிற்று. கல்கத்தா தாராதலாவில் 1947 முதல் ஓடிய பிரிட்டானியா ஆலையில் 2024-ல் உற்பத்தி நின்றது. நிரந்தரத் தொழிலாளர்கள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் கணக்கு முடித்து வீட்டுக்குப் போனார்கள்.

அதே வாடியா குழுமத்தைச் சேர்ந்ததுதான் பம்பாய் டையிங் என்ற துணிமில் கம்பெனியும். பம்பாய் மில்களின் கதையை நம் பஞ்சாலைத் தொழிலாளர்கள் அறிவார்கள். 1982 ஜனவரி 18-ல் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அதன் பின் மில்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. மில் நிலத்தை என்ன செய்வது என்பதற்கு 1991-ல் ஒரு விதி வந்தது. ஒரு பங்கு பூங்கா முதலிய பொது வெளிக்கு; ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்கு; மீதி முதலாளிக்கு.

நியாயமான விதிதானே? ஆனால் 2001-ல் அதைத் திருத்திவிட்டார்கள். மொத்த நிலத்திலும் பங்கு இல்லை, கட்டடம் இல்லாத காலி நிலத்தில் மட்டுமே பங்கு என்று ஆக்கிவிட்டார்கள். மில் என்றால் பெரும்பகுதி கட்டடம்தானே! ஒரு சொல்லை மாற்றியதில் ஏக்கர் ஏக்கராக நிலம் பொதுமக்கள் கையை விட்டுப் போயிற்று. பம்பாய் ஹைகோர்ட்டு 2005-ல் மக்கள் பக்கம் தீர்ப்புக் கூறியது. ஆனால் 2006 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டு அந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

தொழிலாளருக்கு மிஞ்சியது குலுக்கல் சீட்டு. வீடு கேட்டு மனுப்போட்ட மில் தொழிலாளர் குடும்பங்கள் சுமார் ஒன்றரை லட்சம். 2012-ல் நடந்த குலுக்கலில் 6,925 வீடுகள். 2020 மார்ச் 1-ல் நடந்த குலுக்கலில் பம்பாய் டையிங், ஸ்ரீனிவாஸ் மில் நிலங்களில் கட்டிய 3,894 வீடுகள். ஆயுள் முழுவதும் தறியில் நின்றவன், தன் வீட்டுக்காகச் சீட்டு விழுமா என்று காத்திருக்க வேண்டும்! பம்பாய் டையிங்கோ 2023-ல் வொர்லியிலுள்ள 22 ஏக்கரை ஒரு ஜப்பானியக் கம்பெனிக்கு 5,200 கோடி ரூபாய்க்கு விற்க ஒப்பந்தம் போட்டது. ஏக்கருக்கு 236 கோடி! கையகல நிலத்துக்கு மனுப்போட்டு அலையும் விவசாயத் தொழிலாளி இந்தக் கணக்கை ஒரு தடவை படித்துப் பார்க்கட்டும்.

நாம் செய்ய வேண்டியது

லண்டனில் மறுத்தார்கள், கொஞ்சம் கிடைத்தது. பம்பாயில் விதியின் ஒரு சொல் மாறியது, பெரும்பகுதி போயிற்று. இரண்டும் நமக்குப் பாடம்.

பழைய ஆலையில் வீடு கட்டக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. மக்களுக்கு வீடு வேண்டும். நல்ல செங்கல் கட்டடத்தை இடித்துப் பாழாக்குவதைவிடக் குடியிருப்பாக்குவது எவ்வளவோ மேல். ஆனால் ஆலையின் புகைபோக்கியைக் காப்பாற்றி, பெயர்ப்பலகையைக் காப்பாற்றி, தொழிலாளியை மட்டும் ஊருக்கு வெளியே தள்ளுவது பாரம்பரியப் பாதுகாப்பு ஆகாது. அது பாரம்பரியத்தை விலைக்கு விற்பது.

ஆகவே, ஆலை மூடப்படும் என்ற பேச்சு எழுந்த அன்றே சங்கங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. ஆலை நிலம் சொந்த நிலமா, சர்க்கார் குத்தகையா? எந்த உபயோகத்துக்கு என்று கொடுக்கப்பட்டது? உபயோகத்தை மாற்ற யார் அனுமதி வேண்டும்? மாற்றினால் பொதுவுக்கு எத்தனை பங்கு? அதில் வேலை செய்தவருக்கு எத்தனை வீடு, என்ன விலைக்கு, எந்தத் தேதிக்குள்? நிரந்தரம், தற்காலிகம், ஒப்பந்தம் என்று பாகுபாடு இல்லாமல் வேலை செய்த எல்லோர் பெயரும் அடங்கிய பட்டியல் சங்கத்தின் கையில் இருக்கிறதா? கணக்கு முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகு இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பயனில்லை. கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டும். விதியைத் திருத்துகிறார்கள் என்று தெரிந்தால், திருத்துவது ஒரு சொல்லா இரண்டு சொல்லா என்று பார்க்காமல் எழுந்து நிற்க வேண்டும்.

அடுத்த முறை டீக்கடையில் மேரி பிஸ்கோத்தைக் கையில் எடுக்கும்போது, அதன் மேலுள்ள எழுத்தைப் பாருங்கள். அது ஒரு இளவரசியின் பெயர். ஆனால் அதே வட்டாரத்தில், 1911-ன் அந்தக் கொதிக்கும் ஆகஸ்டு மாதத்தில், நல்ல சேலை உடுத்தித் திருவிழாவுக்குப் போகிற நம் வீட்டுப் பெண்களைப் போலக் கிளம்பி வந்து, ஆலை வாசலில் நின்று "முடியாது" என்று சொன்ன 15,000 பெண்களை நினைத்துக் கொள்ளுங்கள். சொல்ல வேண்டிய நேரத்தில் அந்தச் சொல்லைச் சொல்ல நாமும் பழகிக் கொள்வோம்.